தாயகம் திரும்பியோரின் தேயிலைக் கிராமங்கள் — கூடலூர்ப் பகுதி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் மலையகத்தையும் தென்னிந்தியாவின் மலைத்தோட்டப் பகுதிகளையும் தனித்தனியே ஆராய்வதே எம்மிடையே வழக்கமாகிவிட்டது. மலையக மக்கள் பற்றி எழுதுவோர் தலைமன்னாரில் கப்பலேறியவர்களை அங்கேயே விட்டுவிடுகின்றனர். தமிழ்நாட்டின் நீலகிரி பற்றி எழுதுவோரோ அதே மக்களை மண்டபத்திலிருந்து தொடங்குகின்றனர். இடையிலே கடல் இருக்கின்றது என்பது உண்மையே. ஆயினும் ஒரே மக்கட்கூட்டத்தின் ஒரே வரலாற்றை இரண்டாக வெட்டுவதற்கு அக்கடல் போதிய காரணமாகாது. நீலகிரி மாவட்டத்தின் மேற்கெல்லையிலே கூடலூர், தேவாலா, பந்தலூர், சேரம்பாடி ஆகிய ஊர்களைச் சூழ்ந்து அமைந்த தேயிலைக் கிராமங்களின் வாழ்க்கையை இந்நோக்கிலே ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

கூடலூர்ப் பகுதி நிலவியல் அடிப்படையில் நீலகிரி மேட்டுநிலத்தைச் சேர்ந்ததன்று. வயநாட்டின் தென்கிழக்குப் பாகமேயாகும். 1877 இலேயே அது மலபார் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியுடன் இணைக்கப்பட்டது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் முதலிய ஆதிகுடிகளும், நெல் விளைவித்த வயநாட்டுச் செட்டிமாரும் அங்கு நெடுங்காலமாக வாழ்ந்துவந்தனர். நிலத்தின் பெரும்பகுதி நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜன்ம உரிமைக்குட்பட்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியர் அந்நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றுக் கோப்பி பயிரிட்டனர். அண்மையிலுள்ள ஓச்சர்லோனிப் பள்ளத்தாக்கிலே 1845 அளவில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. இலங்கையிலே 1869 இற் கண்டறியப்பட்ட கோப்பி இலைநோய் தென்னிந்தியத் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. கோப்பி அழிந்த நிலங்களிலே பொன் இருக்கின்றதென்ற செய்தி பரவ, 1879 தொடக்கம் 1882 வரை தேவாலாவும் பந்தலூரும் இலண்டன் பங்குச் சந்தையில் அடிபட்ட பெயர்களாயின. கிடைத்த பொன்னைவிடக் கரைந்த மூலதனமே மிகுதி. அக்கம்பனிகள் விட்டுச்சென்ற சுரங்கக் குழிகள் சில இன்றும் தேயிலைச் செடிகளுக்கிடையே வாய்பிளந்து கிடக்கின்றன. பொன்னைத் தொடர்ந்து தேயிலை வந்தது. இவ்வரிசை, அதாவது கோப்பி, நோய், வீழ்ச்சி, தேயிலை என்னும் வரிசை, எமது மலையகத்தின் வரலாற்றை அறிந்தோர்க்குப் புதியதன்று.

தொழிலாளரின் பூர்வீகமும் அவ்வாறே. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய பகுதிகளின் வரண்ட கிராமங்களிலிருந்து பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் மக்களை வெளியே தள்ளின. ஒரு சாரார் கங்காணியின் பின்னே இராமேசுவரக் கரைக்கு நடந்தனர்; வேறொரு சாரார் ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் ஏறினர். எந்த ஊர்க் கங்காணி எந்தத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்தான் என்பதே பெரும்பாலும் அவர்களின் சந்ததியின் நாட்டைத் தீர்மானித்தது. பிற்காலத்தில் ஒரு சாராரின் பேரப்பிள்ளைகளை அந்நியர் என்றும் மறு சாராரின் பேரப்பிள்ளைகளைக் குடிமக்கள் என்றும் வகுத்த சட்டங்களுக்கு இத்தற்செயலைவிட ஆழமான அடிப்படை இருந்ததாகத் தெரியவில்லை.

இலங்கையின் 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டிலே தேர்தற் சட்டத்திற் செய்யப்பட்ட திருத்தமும் பெருந்தோட்ட மக்களை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கிய வரலாறு யாவரும் அறிந்தது. அதனை இங்கு விரிக்க வேண்டியதில்லை. 1964 ஒக்டோபர் 30 இற் கைச்சாத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிற் கொண்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இற் செய்யப்பட்ட உடன்பாட்டின்படி இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மக்களைப் பாகம் பிரித்த இக்கணக்கிலே அம்மக்களின் விருப்பம் எங்கும் இடம்பெறவில்லை. 1970 இல் விண்ணப்பக் காலம் முடிவடைந்தபோது ஏறத்தாழ 7 இலட்சம் பேர் இலங்கைப் பிரஜாவுரிமையையும் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் இந்தியப் பிரஜாவுரிமையையும் கோரியிருந்தனர். ஒப்பந்தம் விதித்த விகிதம் தலைகீழாக நின்றது. தாய்நாடு எது என்ற வினாவுக்கு மக்கள் எழுத்திலே கொடுத்த விடையாக இவ்வெண்களைக் கொள்வதில் தவறில்லை.

அவ்வாறாயின் இந்தியாவுக்கு விண்ணப்பித்தோர் யாவரும் விரும்பியே சென்றனரா? 1970களின் நிகழ்ச்சிகளை நோக்கும்போது அவ்வாறு கூறல் இயலாது. 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களின்போது தோட்டங்கள் கைமாறின. 1973–74 ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் தோட்டங்களிலே உயிர்களைக் குடித்தது. 1977 ஓகஸ்ட் வன்செயலும் அதன்பின் 1981 ஆம், 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களும் லயங்களின் வாசல்வரை வந்தன. கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு பயணத்தை ஆண்டுக்கணக்கில் ஒத்திவைத்திருந்த குடும்பங்கள் இக்காலத்திலேதான் கோச்சியேறின. 1980களின் நடுப்பகுதிவரை, ஒப்பந்தத்தின்பின் பிறந்த பிள்ளைகளையுஞ் சேர்த்து, நான்கரை இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் சென்றனர். 1984 இற் கப்பற் சேவை நின்றதோடு அப்பயணமும் நின்றது.

அவர்கள் இறங்கிய இடம் பற்றி ஒரு சொல் கூறவேண்டும். ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதங்கள் நிறைவுறுமுன், 1964 டிசம்பரில், புயலினால் தனுஷ்கோடித் துறைமுகம் அழிந்தது. ஆதலின் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட ‘இராமானுஜம்’ கப்பல் இராமேசுவரத்தையே சென்றடைந்தது. அங்கிருந்து மண்டபம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இம்முகாம் முன்னாளில் இலங்கைக்குச் செல்லும் கூலிகளைத் தடுத்துவைத்து நோய் சோதிப்பதற்கென இலங்கை அரசாங்கத்தால் நடத்தப்பட்டதாகும். பாட்டன் வெளியேறிய வாயிலிலேயே பேரன் உள்நுழைந்தான்.

மண்டபத்திலே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குடும்ப அட்டை வழங்கப்பட்டது. அந்தக் குடும்பத்துக்குரிய புனர்வாழ்வு உதவி அவ்வட்டையிற் குறிக்கப்பட்டிருந்தது. பெரும்பான்மையோருக்குக் கிடைத்தது ‘வியாபாரக் கடன்’. கொழுந்து பறிப்பதையும் கவ்வாத்து வெட்டுவதையும் தவிர வேறு தொழில் அறியாத குடும்பம், தான் முன்பின் பார்த்திராத மூதாதையர் ஊரிலே கடை வைத்துப் பிழைக்கும் என்பது திட்டம் வகுத்தோரின் எதிர்பார்ப்பு. கடன்தொகை தரகரின் கையிலும் உறவினரின் கையிலும் கரைந்தது. ஊரிலே அவர்களுக்குக் காணி இல்லை, வெயில் பழக்கமில்லை, ஆனால் சாதி மட்டும் மறக்கப்படாமற் காத்திருந்தது. தோட்டத்திலே ஓரளவு தளர்ந்திருந்த தீண்டாமையைத் தனிக்குவளையாகவும் தனித்தெருவாகவும் அவர்கள் அங்கே மீண்டும் சந்தித்தனர். இவ்வாறு சமவெளியிற் பிழைக்கவியலாதோர் குளிரையும் தேயிலையையும் தேடி மலையேறினர். நீலகிரியிலே அரசு குடியேற்றிய குடும்பங்களுடன் தாமாகவே வந்தடைந்த குடும்பங்களும் பெருந்தொகையின. அவர்களை மலைக்கு இட்டுச்சென்றது கைத்தொழிலறிவேயன்றி மண்ணுறவன்று.

அரசு குடியேற்றத்தின் மையமாக விளங்கியது தேயிலைத் திட்டமாகும். 1968 இல் தமிழ்நாட்டு வனத்துறை தன் பொறுப்பிலிருந்த காட்டுநிலங்களிலே அரசாங்கத் தேயிலைத் திட்டத்தை ஆரம்பித்தது. 1976 முதல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, மக்கள் வழக்கில் ‘டான்டீ’யாக, குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிவருகின்றது. சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், தேவாலா, பாண்டியாறு, கோத்தகிரி முதலிய இடங்களில் அதன் தோட்டங்கள் அமைந்தன. இதேபோன்று கேரளத்தின் புனலூர்ப் பகுதியிலும் கர்நாடகத்தின் சுள்ளியாப் பகுதியிலும் இறப்பர்த் தோட்டங்களிலே குடியேற்றங்கள் ஏற்படுத்தப்பட்டன. வியாபாரக் கடனோடு ஒப்பிடுமிடத்து, அறிந்த தொழிலை அறிந்தவர்க்கு அளித்த இத்திட்டம் அறிவுடையது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்குள்ளேயே ஒரு குறை புதைந்திருந்தது. தொழில் கொடுக்கப்பட்டதேயன்றி நிலம் கொடுக்கப்படவில்லை.

இங்கே வந்த முதற் தலைமுறையினர் ஆயத்தமான தோட்டத்துக்கு வந்தவரல்லர். புல்லையும் காட்டையும் வெட்டி, பாதை போட்டு, வரிசை பிடித்து, நாற்று நட்டு, அது கொழுந்து தரும்வரை காத்திருந்தவர்கள். இலங்கையிலே தம் கொள்ளுப்பாட்டன்மார் செய்த வேலையை, அதே குளிரிலும் அதே அட்டைக்கடியிலும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவர்கள் மறுபடியும் செய்தனர். தேவாலா தமிழ்நாட்டின் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. தென்மேல் பருவக்காற்றுக் காலத்திலே யூன் முதல் ஓகஸ்ட் வரை மலைச்சரிவுகள் நீரிற் கரையும். அம்மழையில் தலையிலே கொங்காணியும் இடையிலே படங்குமாகப் பெண்கள் கொழுந்தெடுத்தனர்.

நாளாந்த வாழ்வின் ஒழுங்கும் பெரும்பாலும் பழையதே. காலையிலே பெயர் கொடுத்தல், மேற்பார்வையாளர் வரிசை பிரித்துவிடுதல், நிறுவை, குறிக்கப்பட்ட அளவுக்கு மேற்பட்ட இறாத்தலுக்கு, இப்போது கிலோவுக்கு, மேலதிகக் காசு. இலங்கையிற் கங்காணி என்றழைக்கப்பட்டவர் இங்கு மேஸ்திரியானார். ‘கண்டக்டர்’ இரு நாட்டிலும் கண்டக்டரே. துரையின் இடத்தில் அரசாங்க அதிகாரி அமர்ந்தார். 1951 ஆம் ஆண்டின் இந்தியத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பிள்ளைமடுவம் முதலியவற்றை நிருவாகத்தின் கடமையாக விதித்திருந்தது. அக்கடமைகள் காகிதத்தில் இருந்த அளவுக்கு மழை ஒழுகும் கூரையிற் காணப்படவில்லை என்பது தொழிற்சங்கங்கள் இடைவிடாது எழுப்பிய முறைப்பாடு. மாலையிலே கோதுமைமா ரொட்டியும் சம்பலும், இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பும். வானொலியைத் தமிழ்நாடு முழுவதுமே கேட்டதுதான். ஆனால் இக்கிராமங்களிலே அது வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது. விட்டுவந்த ஊர்களின் பெயர்களை அவ்வொலிபரப்பிலே கேட்டவர்கள் அவர்கள்.

அயலவர் இவர்களைச் ‘சிலோன்காரர்’ என்றனர். இலங்கையிலே ‘இந்தியத் தமிழர்’, ‘கள்ளத்தோணி’, இந்தியாவிலே ‘சிலோன்காரர்’. அரசாங்கக் கோவைகளிலே ‘தாயகம் திரும்பியோர்’. இம்மூன்றாவது பெயரே என் கருத்தில் மிகவும் ஆராயத்தக்கது. நுவரெலியாவிலோ ஹட்டனிலோ பிறந்து, பெற்றோரும் அங்கேயே பிறந்திருக்க, ஒருமுறையேனும் பார்த்திராத நிலத்துக்கு ஒருவன் ‘திரும்புதல்’ எவ்வாறு? சொல் மரியாதையானதுதான், ஆனால் நாடுகடத்தலை வீடுதிரும்பலாக மாற்றிக் காட்டும் வேலையையும் அச்சொல் செய்துவிடுகின்றது. 1983 இன் பின் அகதிகளாக வந்தோரிலிருந்து இவர்களை வேறுபடுத்தி அறியவும் அயலவர் முயலவில்லை. சட்டப்படி இந்தியக் குடிமக்களான இவர்கள் சந்தேகத்துக்குள்ளாயினர். சாதிச் சான்றிதழ் பெறுவதற்குப் பூர்வீக ஊரின் ஆவணம் கேட்கப்பட்டபோது, கடல் கடந்த பாட்டன் ஆவணம் எதனையும் வைத்துச் செல்லவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்ததன் துன்பம் முழுவதும் கிடைத்தது. அத்துன்பத்துக்கு ஈடாக அரசியலமைப்பு வழங்கிய சலுகைகளைப் பெறுவதற்குத் தாள் மட்டும் கிடைக்கவில்லை.

கழகத்தில் இடம் கிடைக்காதவர்களின் நிலை இன்னும் இறுக்கமானது. கோத்தகிரிப் பக்கத்திலே படகர் ஊர்களை அண்டி, உருளைக்கிழங்குத் தோட்டங்களிலும் சிறு தேயிலைத் தோட்டங்களிலும் நாட்கூலிகளாகப் பலர் வாழ்ந்தனர். 1990களின் இறுதியிற் பச்சைத்தேயிலையின் விலை சரிந்தபோது சிறுதோட்ட உடைமையாளரின் வீழ்ச்சி முதலிற் கூலியாட்களின் அடுப்பையே தொட்டது. கூடலூர்ப் பக்கத்திலோ வேறொரு வழி திறந்திருந்தது: உரிமை தீர்க்கப்படாத ஜன்ம நிலம்.

இந்நிலத்தின் வரலாறு விசித்திரமானது. கோவிலகத்தின் ஜன்ம உரிமையை ஒழித்து நிலத்தை ரயத்துவாரியாக்கும் கூடலூர் ஜன்ம எஸ்டேட்டுகள் சட்டத்தைத் தமிழ்நாடு 1969 இல் இயற்றியது. காட்டுநிலங்களை அரசு எடுத்துக்கொள்வது விவசாயச் சீர்திருத்தம் ஆகாதெனத் தோட்டக் கம்பனியொன்றின் வழக்கிலே 1972 இல் இந்திய உயர்நீதிமன்றம், அதாவது டில்லியிலுள்ள உச்ச நீதிமன்றம், தீர்ப்பளித்தது. 1974 இல் அச்சட்டம் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையிற் சேர்க்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டது. அப்பாதுகாப்பு எந்த அளவுக்குச் செல்லும் என்ற வினா ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயத்துக்குச் சென்று, 2007 யனவரியில் இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் முக்கிய தீர்ப்புகளில் ஒன்றாக வெளிவந்தது. சட்ட மாணவர் அத்தீர்ப்பை அடிப்படை உரிமைகளுக்காகக் கற்கின்றனர். அதன் அடியிற் கிடந்தது கூடலூரின் காடும் தேயிலையும் என்பதை அவர்களுட் பலர் கவனிப்பதில்லை.

வழக்கு நடந்த இக்காலம் முழுவதும் நிலத்திலே மக்கள் குடியேறிக்கொண்டிருந்தனர். கேரளத்திலிருந்து மிளகும் மரவள்ளியும் கொண்டு வந்த விவசாயிகள் ஒருபுறம். தாயகம் திரும்பியோர் மறுபுறம். குத்தகை நிலங்கள் பற்றிய சட்டத்தின் 17 ஆம் பிரிவு, ‘செக்ஷன் 17’ என்ற பெயரிலே, அப்பகுதி மக்களின் அன்றாடப் பேச்சிற் புகுந்துவிட்டது. அத்தகைய நிலத்திலே வீடு கட்டியவனுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாமையால் மின்சாரமில்லை. எந்த நாளிலும் வெளியேற்றப்படலாம் என்ற அச்சம் மட்டும் நிலையானது. ஒரு நாட்டில் பிரஜாவுரிமையற்றிருந்தோர் இன்னொரு நாட்டிற் பிரஜாவுரிமை பெற்றும் நிலவுரிமையற்றவராயினர்.

இங்கே ஒரு வினாவைத் தவிர்த்துச் செல்லுதல் நேர்மையாகாது. கழகம் அழித்த காடும், குடியேறியோர் பிடித்த நிலமும் வெறுமையாகக் கிடந்தனவா? பணியரும் காட்டுநாயக்கரும் தேன் எடுத்த, கிழங்கு அகழ்ந்த, தெய்வங்களை வைத்து வணங்கிய நிலங்கள் அவை. கோப்பிக் காலம் முதலாகவே அவர்கள் பின்தள்ளப்பட்டு வந்தனர் என்பது உண்மை. ஆயினும் மீள்குடியேற்றம் அத்தள்ளலை மேலும் விரைவுபடுத்தியது. 1988 டிசம்பரிலே ஆதிவாசிகள் ஆயிரக்கணக்கிற் கூடலூர் வீதிகளில் நில உரிமை கோரி ஊர்வலஞ் சென்றனர். மலையக மக்களின் துயரத்தை எழுதும் எம்மவர் அவ்வூர்வலத்தையும் இதே ஏட்டில் எழுதிவைக்க வேண்டும். இலங்கை அரசு கைகழுவிய மக்களை இந்திய அரசு ஏற்றபோது, அதற்கான விலையில் ஒரு பங்கைச் செலுத்தியவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிடாத பணியர். காட்டின் விளிம்புவரை தேயிலை சென்றதன் மற்றொரு விளைவு யானை. நெடுங்காலமாக அது நடந்த தடங்களிலே குடியிருப்புகள் நிற்கின்றன. சேரம்பாடிப் பகுதியில் விடியுமுன் வெளியே செல்ல அஞ்சும் நிலை இதனால் ஏற்பட்டது.

1980 இன் வனப் பாதுகாப்புச் சட்டத்தின்பின் காட்டைத் தேயிலையாக்குதல் முன்போல எளிதாக இருக்கவில்லை. கழகம் வளர்வது நின்றது. பின்னர் தேயவும் தொடங்கியது. சோவியத் ஒன்றியம் 1991 இற் கலைந்தபோது நீலகிரித் தேயிலையின் பெருஞ்சந்தை கலைந்தது. படித்த பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கினர். லயத்திற் பிறந்த மகள் பனியன் தொழிற்சாலையில் வேலை தேடுவதை யாரும் குறைகூற முடியாது. கொழுந்தெடுக்க ஆளின்றி நீலகிரித் தோட்டங்கள் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தொழிலாளரைத் தருவித்துவருகின்றன. கங்காணியின் இடத்தில் முகவர்; கப்பலின் இடத்திற் புகைவண்டி.

2022 ஒக்டோபரில் தமிழ்நாட்டு அரசு, நட்டத்தைக் காரணங்காட்டி, கழகத்தின் குத்தகையிலிருந்த ஏறத்தாழ 2,152 ஹெக்டேயர் நிலத்தை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க ஆணையிட்டது. சூழலியல் நோக்கிற் பார்த்தால் காடு காட்டிடம் திரும்புவதை எதிர்ப்பது கடினம். யானைக்கும் அதில் நியாயமுண்டு. ஆனால் அந்நிலத்திலே லயங்கள் நிற்கின்றன. வீடு வேலையோடு பிணைந்தது; செக்ரோலிற் பெயர் இருக்கும்வரையே கூரை. ஓய்வு பெற்றவர் வீட்டை ஒப்படைத்த பின்னரே பணிக்கொடை என்னும் நடைமுறை தென்னிந்தியத் தோட்டங்களிற் பழகிப்போன ஒன்று. முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்தவர்க்குச் சென்று சேர வேறு ஊர் இல்லை. பூர்வீக ஊர் என்பது குடும்ப அட்டையில் எழுதப்பட்ட ஒரு சொல். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை, தன் மண்ணில் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. கப்பலேறியவர்களை அச்சட்டம் தொடவில்லை. தொட வேண்டிய தேவையும் சட்டத்தின் கண்ணிற் புலப்படவில்லை, அவர்கள் வேறொரு நாட்டின் குடிமக்கள் ஆகிவிட்டமையால்.

ஆணையின்பின் கூடலூர்ப் பகுதியில் எதிர்ப்புக் கூட்டங்கள் நடந்தன. நிலம் கைமாறினாலும் தொழிலாளர் வெளியேற்றப்படார் என்ற உறுதிமொழியை அவர்கள் கோரினர். ஓய்வு பெற்றோர்க்கு வீடு கட்டிக் கொடுப்பது குறித்த பேச்சும் எழுந்தது. வீடு எங்கே, யார் பெயரில், எத்தனை அடி நிலத்தோடு என்பனவே அக்கிராமங்களில் இப்போது கேட்கப்படும் வினாக்கள். இலங்கையின் மலையகத்திலே ஏழு பேர்ச்சுக் காணி பற்றிப் பேசப்படும்போது கேட்கப்படுபவையும் அவையே.